மேடையில பேச பயமா? வாரியார் சுவாமிகள் வாழ்க்கையைப் படிச்சுப் பாருங்க

 

கந்த சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம்னு எந்த விழா வந்தாலும் நம்ம ஊர்க் கோயில்கள்ல ஒரு விஷயம் நடக்கும். விழாக் குழுப் பெரியவர் யாராவது வந்து, தம்பி ஒரு பத்து நிமிஷம் முருகனைப் பத்திப் பேசுப்பா என்று கேட்பார். உடனே நம்ம ஆளுங்க நாலு அடி பின்னால போயிடுவாங்க. எனக்கெல்லாம் வராதுண்ணே, அது பிறவியிலேயே இருக்கணும், முருகன் நாக்குல எழுதியிருக்கணும் என்று ஒரு பதில் தயாரா இருக்கும். கடைசியில அந்தப் பத்து நிமிஷமும் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டே முடிஞ்சுடும். கேட்க வந்த சின்னப் பிள்ளைங்க கதை எதுவும் கேட்காமலேயே பொங்கலை வாங்கிட்டுப் போயிடுவாங்க.

அருள் இருந்தால் பேச்சு தானா வரும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முருகன் அருளால் பேசியவர் என்று தமிழ்நாடே ஒத்துக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவருக்கு அந்த அருள் எந்த வழியாக வந்தது என்று தெரிஞ்சா நம்ம பயம் பாதி குறையும்.

அவர்தான் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள்.

கடல் என்று பெயர் வைத்த பிள்ளை

வேலூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர் காங்கேயநல்லூர். காங்கேயன் என்பது முருகனுக்கே ஒரு பெயர். அந்த ஊரில் மல்லையதாச பாகவதர், கனகவல்லி அம்மையார் தம்பதிக்கு 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி சுவாமிகள் பிறந்தார். மொத்தம் 11 பிள்ளைகள், அதில் இவர் நாலாவது.

அப்பா வைத்த பெயர் கிருபானந்த வாரி. கிருபை என்றால் கருணை, ஆனந்தம் என்றால் இன்பம், வாரி என்றால் கடல். கருணையும் இன்பமும் சேர்ந்த கடல். தேவிபட்டினத்துக்காரங்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம், வாசல்லயே வாரி இருக்கே.

கடல் என்று பெயர் வைத்தால் மட்டும் தண்ணீர் நிறைந்துவிடாது. அதில் ஆறுகள் வந்து சேரணும். அந்த வேலையை அவர் அப்பாவே தொடங்கினார்.

அப்பாதான் பள்ளிக்கூடம்

வாரியார் சுவாமிகள் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. இதைக் கேட்டதும் பாருங்க, படிக்காமலேயே முருகன் எல்லாத்தையும் கொடுத்துட்டான் என்று சிலர் சொல்லுவாங்க. அங்கதான் நாம ஏமாந்துபோறோம்.

பள்ளிக்கூடம் போகலையே தவிர, படிக்காமல் இல்லை. அவர் அப்பாவே புராணச் சொற்பொழிவு செய்கிறவர். தமிழ் இலக்கணம், இலக்கியம், இசை எல்லாவற்றையும் வீட்டிலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 8 வயதில் பிள்ளை தானே கவி பாடத் தொடங்கிவிட்டது. 12 வயதுக்குள் 10,000 பாடல்கள் மனப்பாடம்.

இந்த 10,000 என்ற எண்ணை ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 7 பாட்டு வீதம், ஒரு நாள்கூட விடாமல் படித்தால் நாலு வருஷம் ஆகும். நடுவில் காய்ச்சல், கல்யாணம், திருவிழா எதற்கும் விடுமுறை கிடையாது. நேற்றுப் படித்ததை இன்றைக்கு மறக்கவும் கூடாது. நாம ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் அந்தச் சின்னப் பையன் ஒரு பாட்டை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்திருப்பான்.

பின்னாளில் மேடையில் ஒரு சொல்லை எடுத்தால் திருப்புகழ், தேவாரம், கம்பராமாயணம், திருக்குறள் என்று வரிசையாக மேற்கோள் வந்து விழுந்ததற்கு இதுதான் காரணம். மேடை ஏறிய பிறகு யோசித்து எடுத்ததில்லை, அஞ்சு வயசு ஆறு வயசிலிருந்து சேர்த்து வைத்தது.

அதனால முதல் பாடம் இது. பேச்சுக்குத் தயாராகிறது என்பது விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி தொடங்குகிற வேலை கிடையாது. இன்றைக்கு ஒரு திருப்புகழை அர்த்தத்தோடு படித்தால், அடுத்த வருஷம் நீங்கள் பேசப்போகிற பேச்சுக்கு இன்றைக்கே தயாராகத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

18 வயதில் மேடை

18 வயதில் வாரியார் சொற்பொழிவு செய்யத் தொடங்கிவிட்டார். நம்ம பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கிற வயது. அதோடு படிப்பு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. 20 வயதைத் தாண்டிய பிறகு, மேடையில் பேர் வாங்கத் தொடங்கியிருந்த சமயத்தில், சென்னையில் தென்மடம் வரதாச்சாரியார் என்ற வித்வானிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்து வீணை கற்றுக்கொண்டார்.

பேசுகிறவருக்கு வீணை எதற்கு? திருப்புகழ் சந்தம் தப்பினால் கெட்டுப்போகும். அருணகிரிநாதர் பாட்டைத் தாளத்தோடு பாடினால்தான் அது கேட்கிறவர் நெஞ்சில் இறங்கும். வாரியார் பேச்சில் நடுநடுவே பாட்டு வரும். பேச்சு கொஞ்சம் கனமாகப் போகும்போது ஒரு திருப்புகழ். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மறுபடி கதை. கேட்கிறவர்களுக்குக் களைப்பே தெரியாது. அந்தப் பாட்டை எங்கே வைக்கணும் என்ற கணக்குத் தெரிந்தவர் அவர்.

15 ரூபாய்ப் பத்திரிகை

1936ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தார் சுவாமிகள். வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபை இருக்கிற இடம். அங்கே உட்கார்ந்திருந்தபோது, திருப்புகழுக்கு விளக்கம் சொல்ல ஒரு மாதப் பத்திரிகை நடத்தணும் என்ற எண்ணம் வந்தது. கையில் இருந்தது 15 ரூபாய். அதையே முதலாக வைத்துத் திருப்புகழ் அமிர்தம் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அது 37 வருஷம் தொடர்ந்து வந்தது.

மேடையில் பேசுகிறவருக்கு எழுத்து எவ்வளவு உதவும் என்று இங்கே பார்க்கலாம். பேசும்போது தெரியாத சொல் வந்தால் வேகமாகத் தாண்டிப் போயிடலாம், யாரும் கவனிக்க மாட்டாங்க. எழுதும்போது அது நடக்காது. ஒரு திருப்புகழுக்கு உரை எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, இதற்கு என்ன பொருள், இதில் எந்தக் கதை ஒளிந்திருக்கிறது என்று நின்று பதில் சொல்லியாகணும். 37 வருஷம் என்றால் 400 மாதங்களுக்கும் மேலே. மாதா மாதம் அந்த வேலை. அதற்குப் பிறகு மேடையில் அதே பாட்டு வரும்போது அவருக்கு எதில் சந்தேகம் இருக்கும்?

பத்திரிகையோடு நிற்காமல், சுமார் 150 நூல்களும் எழுதினார். குழந்தைகளுக்காகத் தாத்தா சொன்ன குட்டிக்கதைகள் என்று ஒரு நூல் உண்டு. பெரிய பெரிய சித்தாந்தம் தெரிந்தவர், சின்னப் பிள்ளைக்குக் கதை எழுதவும் நேரம் ஒதுக்கினார்.

10,345 பாட்டை எப்படிப் பேசுவது?

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்த புராணத்தில் 10,345 பாடல்கள். உற்பத்தி, அசுரர், மகேந்திரம், யுத்தம், தேவர், தக்கர் என்று ஆறு காண்டங்கள். இதை ஒருவர் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தொடர் சொற்பொழிவு செய்யணும் என்றால் முதலில் வரும் கஷ்டம் எதைச் சொல்றது என்பது இல்லை, எதை விடுறது என்பதுதான்.

வாரியார் கந்த புராணம், பெரிய புராணம், இராமாயணம், மகாபாரதம் எல்லாவற்றையும் நாள் கணக்கில் தொடராகப் பேசியவர். தொடர் பேச்சு என்றால் ஒவ்வொரு நாளும் தனியாக முழுமையாக இருக்கணும். இன்றைக்கு மட்டும் வந்தவருக்கும் ஏதாவது கிடைக்கணும், நாளைக்கு வருகிறவருக்கு ஆவலும் மிச்சம் இருக்கணும். அப்படியென்றால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று மேடை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருக்கணும். கதை நம்மை இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்கெல்லாம் போனால், வீரபாகு தூது போன கதை முடியறதுக்குள்ள விடிந்துவிடும்.

கந்த புராணம் பிறந்த கதையே இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாடம். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் தினமும் 100 பாடல் எழுதி முருகன் சந்நிதியில் வைப்பாராம். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் முருகனே திருத்தியிருப்பானாம். இது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற வரலாறு. கவனித்தீர்களா? முருகனே திருத்தினான் என்றாலும், முதலில் கச்சியப்பர் 100 பாடலை எழுதி வைத்தார். வெறும் ஓலையை வைத்துவிட்டு முருகா நீயே எழுதிக்கோ என்று வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொன்றும் அதில் உண்டு. அரங்கேற்றத்தின்போது முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே, அந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று சபையில் ஒருவர் கேட்டுவிட்டார். முருகன் அடியெடுத்துக் கொடுத்த பாட்டு என்று சொல்லிச் சபை அவரை அடக்கவில்லை. வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் தொடர்ந்தது என்று வரலாறு சொல்கிறது. முருகன் கொடுத்த சொல்லுக்கே ஆதாரம் கேட்ட மரபு நம்முடையது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே மேடையில் சொல்கிறவர்கள் இதை மனசில் வைக்கணும்.

எதிரில் உட்கார்ந்திருப்பது யார்?

வாரியார் பேசிய காலம் லேசான காலம் கிடையாது. 1940களிலிருந்து 60கள் வரை தமிழ்நாட்டில் மேடைப் பேச்சு உச்சத்தில் இருந்தது. அண்ணா மாதிரியான பெரிய பேச்சாளர்கள் அடுக்குமொழியில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட காலம். கடவுள் இல்லை என்று பேசுகிற மேடைக்குப் பெரிய கூட்டம் கூடிய காலமும் அதுதான். அதே காலத்தில், அதே ஊர்களில், திருநீறும் ருத்திராட்சமுமாக ஒருவர் புராணம் பேசிக் கூட்டத்தைச் சேர்த்தார்.

எப்படி முடிந்தது? பண்டிதர் தமிழைக் கீழே வைத்துவிட்டு மக்கள் பேசுகிற தமிழில் பேசினார். நாடகம் பார்க்கிற மாதிரி கதாபாத்திரங்களைக் குரலிலேயே காட்டினார். இடையிடையே குட்டிக்கதையும் நகைச்சுவையும் வரும். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் புரியும், முன் வரிசையில் இருக்கிற புலவருக்கும் பொருள் குறையாது.

குழந்தைகளை முன்னால் உட்கார வைத்துப் பேச்சின் நடுவே கேள்வி கேட்பார். சரியாகச் சொல்கிற பிள்ளைக்குப் பரிசு உண்டு. அப்படி ஒரு நாள் முருகனுடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டாராம். ஒரு பையன் எழுந்து, சிவாஜி என்று சொல்லிவிட்டான். பாவம், சினிமாவில் சிவபெருமானாக சிவாஜி கணேசனைப் பார்த்த பிள்ளை. கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. வாரியார் சிரிக்கவில்லை. பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான், காந்தியைக் காந்திஜி என்றும் நேருவை நேருஜி என்றும் மரியாதையாகச் சொல்கிற மாதிரி சிவனைச் சிவாஜி என்கிறான் என்று விளக்கம் கொடுத்தாராம். பலரும் சொல்லிச் சொல்லி ரசித்து வருகிற சம்பவம் இது.

இதில் நகைச்சுவையை விட ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் ஒரு சின்னப் பிள்ளையின் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அவன் அவமானப்பட்டிருந்தால் அவன் மறுபடி கோயில் கூட்டத்தில் வாய் திறந்திருப்பானா?

இன்னொரு சம்பவமும் ரொம்பப் பேருக்குத் தெரியும். இராமாயணம் பேசிக்கொண்டிருக்கும்போது சிலர் நடுவில் எழுந்து போயிருக்கிறார்கள். அனுமனுக்குச் சொல்லின் செல்வன் என்று பெயர். வாரியார் அதையே எடுத்து, இங்கேயும் நிறையச் சொல்லின் செல்வர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லின் இவர்கள் செல்வர் என்றாராம். கோபம் இல்லை, திட்டு இல்லை. போனவர்களும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அனுமனைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லணும், அது நம்ம சேதுக்கரைக் கதையோடு சேர்ந்தது. இலங்கையில் சீதையைப் பார்த்துவிட்டு வந்த அனுமன் இராமனிடம் எப்படிப் பேசினார் என்பதைக் கம்பர் காட்டும் அழகைச் சொற்பொழிவாளர்கள் எல்லாரும் எடுத்துப் பேசுவார்கள். சீதை என்ற பெயரை முதலில் சொல்லியிருந்தால், சீதைக்கு என்ன ஆச்சோ என்று அந்த ஒரு நொடி இராமன் துடித்திருப்பார். அதனால் கண்ட செய்தியை முதல் சொல்லாக வைத்தார் அனுமன். அடுத்து அவள் கற்புக்குக் குறையில்லை என்பதைச் சொன்னார். எங்கே, எப்படி என்பதெல்லாம் பிறகு வந்தது. எதிரில் நிற்கிறவர் மனசு எதற்காகத் துடிக்கிறதோ அதை முதலில் சொல்லணும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பேச்சில் வந்தது கோயிலுக்குப் போனது

வாரியாருக்கு அருள்மொழி அரசு, திருப்புகழ் ஜோதி என்று பல பட்டங்கள். மக்கள் அவரை 64ஆவது நாயன்மார் என்றே அழைத்தார்கள். சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன் (1969) போன்ற முருகன் படங்களில் வாரியாராகவே தோன்றினார்.

இவ்வளவு பேர் வந்தபோதும் பேச்சு அவருக்குப் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை. வடலூர் சத்திய ஞான சபைத் திருப்பணியை எடுத்துச் செய்து, 1950ஆம் ஆண்டு குடமுழுக்கு நடக்கக் காரணமாக இருந்தார். சொந்த ஊர்க் காங்கேயநல்லூர் முருகன் கோயில், அருணகிரிநாதருக்கு அருள் கிடைத்த வயலூரின் கோபுரம், மோகனூர் என்று அவர் கைபட்ட திருப்பணிகள் நிறைய.

இதுவும் பேச்சுக்குத் தயாராகிறதில் ஒரு பகுதிதான் என்று எனக்குத் தோணும். கொடு என்று மேடையில் சொல்கிறவர் தானும் கொடுக்கிறவராக இருந்தால், அந்தச் சொல்லுக்கு எடை கூடும். அந்த எடையைக் குறிப்பெழுதி வரவழைக்க முடியாது, வாழ்ந்துதான் வரவழைக்கணும்.

கடைசிப் பயணம்

80 வயதைத் தாண்டியும் அவர் ஓய்வு எடுக்கவில்லை. 1993இல் இலண்டன் வரை போனார். அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில், நவம்பர் 7ஆம் தேதி, வானத்தில் விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு 87 வயது. மயில் ஏறி வானத்தில் வருகிற முருகனைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் பேசியவர், மண்ணைத் தொடாமலேயே அவன் திருவடி சேர்ந்துவிட்டார் என்று அடியார்கள் உருகிச் சொல்வார்கள். காங்கேயநல்லூரில் முருகன் கோயிலுக்கு எதிரிலேயே அவருக்குச் சமாதி அமைந்திருக்கிறது. வேலூர்ப் பக்கம் போனால் தவறாமல் போய் வாங்க.

நம்ம கரையிலேயே ஒரு வழி இருக்கு

சரி, வாரியார் சுவாமிகள் 10,000 பாட்டுப் படித்தவர். நாம பத்துப் பாட்டுக்கே திணறுகிறோம், பத்து நிமிஷம் பேச எங்கே தொடங்குவது?

தேவிபட்டினத்துக்காரங்க எங்கேயும் தேட வேண்டாம். சேது யாத்திரை எந்த வரிசையில் போகும் என்று நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. இராமர் முதலில் உப்பூர் வந்து வெயிலுகந்த விநாயகரை வணங்கினார். அடுத்து தேவிபட்டினம் கடலுக்குள் ஒன்பது கல் நட்டு நவக்கிரகங்களை வழிபட்டார். பிறகு திருப்புல்லாணி. அதற்குப் பிறகுதான் சேதுக்கரையில் அணை கட்டும் வேலை என்பது தல வரலாறு. கோபத்தோடும் அவசரத்தோடும் வந்தவர்தான், ஆனாலும் எடுத்தவுடனே கடலில் கல்லைக் கொட்டவில்லை.

பேச்சையும் இந்த மாதிரி கட்டலாம். ஒரு உதாரணம் பார்ப்போம். சூரசம்ஹாரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசணும்.

முதலில் தாள் எடுத்து ஒரே ஒரு வரி எழுதுங்க. கேட்டவங்க வீட்டுக்குப் போகும்போது மனசில் எதைக் கொண்டு போகணும்? முருகன் எதிரியையும் தள்ளிவிடாமல் தன்கூட வைத்துக்கொண்டான். இவ்வளவுதான். இந்த வரிக்கு உதவாத எதையும், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும், இந்தப் பேச்சில் சேர்க்காதீங்க. அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கல் நடுங்க, அதாவது தலைப்புகள் மட்டும்.

காப்பும் வணக்கமும்: 1 நிமிஷம். விநாயகரையும் முருகனையும் நினைத்து, பெரியவங்களுக்கு வணக்கம். மேடையில் இருக்கிற எல்லார் பெயரையும் பட்டத்தோடு சொல்லி அஞ்சு நிமிஷத்தைத் தின்னாதீங்க.

தொடக்கம்: 1 நிமிஷம். வாரியார் மாதிரி பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி. முருகன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்த மயில் யாரா இருந்துச்சு?

சூரபத்மன் வாங்கிய வரம்: 2 நிமிஷம். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் வாங்கியவன். தவத்தால் உயர்ந்து ஆணவத்தால் கெட்டவன்.

போரும் மாமரமும்: 3 நிமிஷம். திருச்செந்தூர்ப் போர். கடைசியில் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் பிளந்தது. சேவலும் மயிலுமாகப் பாய்ந்து வந்தவன், முருகன் பார்வை பட்டதும் கொடியாகவும் வாகனமாகவும் ஆனான். கடலைப் பார்த்தே வளர்ந்த நம்ம ஆளுங்களுக்கு இந்த இடம் கண்ணுக்கு முன்னால நிற்கும், அதனால நேரம் இதற்குத்தான் கூட.

நமக்கு என்ன: 2 நிமிஷம். நம்மோடு சண்டை போட்ட பங்காளி, பேசாமல் இருக்கிற நண்பன். அவனை ஒழிக்கணுமா, மாற்றணுமா?

முடிவு: 1 நிமிஷம். எழுதி வைத்த அந்த ஒரு வரி, ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். இத்துடன் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கக் கூடாது.

மேடைக்குக் கொண்டு போகிற தாளில் இந்த ஆறு தலைப்பு மட்டும் இருந்தால் போதும். முழுப் பேச்சையும் எழுதிக் கொண்டு போனால் கண் தாளை விட்டு எழாது. ஆனால் தொடக்கக் கேள்வியையும் கடைசி வரியையும் மட்டும் வார்த்தை தப்பாமல் மனப்பாடம் பண்ணிடுங்க. நவபாஷாணத்தில் பார்த்திருப்பீங்க, கடல் ஏறும்போது கல் முங்கினாலும் அதன் இடம் மாறாது. அந்த மாதிரி, நடுவில் ஒரு வார்த்தை மறந்து போனாலும் அடுத்த கல் எங்கே இருக்கு என்று தெரிந்தால் கால் வைத்துப் போய்விடலாம்.

கதையில் சந்தேகம் இருந்தால் கோயில் ஓதுவாரையோ குருக்களையோ கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க. பிறகு வாய்விட்டு மூணு தடவை பேசிப் பாருங்க. மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறது கணக்கில் வராது. போனில் பதிவு பண்ணிக் கேளுங்க, பத்து நிமிஷம் என்று நினைத்தது பதினேழு நிமிஷமாக இருக்கும். வெட்டுங்க.

தயார் பண்ணாமல் பேசியும் ஜெயித்தவங்க இருக்காங்களே என்று கேட்கலாம். சுவாமி விவேகானந்தரைச் சொல்வாங்க. 1893 செப்டம்பர் 11ஆம் தேதி சிகாகோவில் அவர் எழுதி வைத்த உரை இல்லாமல்தான் எழுந்தார். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் இந்தியா முழுக்க நடந்து, மக்களைப் பார்த்து, நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தார். அதே சபையில் செப்டம்பர் 19ஆம் தேதி இந்து சமயத்தைப் பற்றிப் பேசும்போது எழுதித் தயாரித்த கட்டுரையைத்தான் வாசித்தார். அவர் 1897 ஜனவரி 26ஆம் தேதி திரும்பி வந்து கால் வைத்தது நம்ம பாம்பன் கரையில். வரவேற்றவர் நம்ம இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

அதே பாம்பனில் வாழ்ந்து முருகனைப் பாடிய பாம்பன் சுவாமிகள், 1894இல் பிரப்பன்வலசையில் 35 நாள் தவம் இருந்தார் என்பது நமக்கெல்லாம் தெரியும். சொல் பலிக்கிறதுக்கு முன்னால தவம் இருக்கு. அவருக்கு அது குழிக்குள் இருந்த தவம், வாரியாருக்கு 10,000 பாட்டு. நமக்கு ஒரு தாள், ஆறு தலைப்பு, மூணு தடவை ஒத்திகை. இதைக்கூடச் செய்யாமல் முருகன் நாக்குல எழுதலையே என்று அவன் மேல பழி போடலாமா?

அடுத்த விழாவில் பெரியவர் வந்து கேட்கும்போது சரிண்ணே என்று சொல்லிப் பாருங்க. முன் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை கதை கேட்கக் காத்திருக்கும்.

வேலும் மயிலும் துணை. சேவலும் துணை.

விழாவில் பேசத் தயங்குகிற ஒரு நண்பருக்காவது இதை அனுப்புங்க. முருகா சரணம்.